துருவும் புளியும்

கூடங்குளத்தில் வண்டி வைத்திருப்போர்க்கு உப்புக்காற்றே முதற்பகை. இரும்பின்மேல் படியும் உப்பு ஈரத்தை ஈர்க்க, போல்ட்டும் நட்டும் துருவேறி இறுகிவிடுகின்றன. 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிமானத்தைச் சோதிக்கவென்றே மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது.

வீட்டில் நமக்கு மண்ணெண்ணெயும் புளியும் போதும். முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷால் தேய்த்துக் கிரீஸைப் போக்க வேண்டும். கிரீஸ் இருக்குமட்டும் புளியின் டார்டாரிக் அமிலம் துருவை எட்டாது. பின்னர் கெட்டியான புளிக்கரைசலில் ஓரிரவு. துத்தநாகம் பூசிய போல்ட்டை மட்டும் அதில் இடலாகாது, பூச்சே கரைந்துபோகும். துருவால் குழிவிழுந்த சக்கர போல்ட்டைத் தேய்ப்பதும் வீண். உயிரைத் தாங்குவது அது, மாற்றிவிடுவதே முறை.

எடுத்தபின் சலவைச் சோடா நீரில் அலசி, நன்னீரில் கழுவி, வெயிலில் காய்ந்த சூட்டோடு எண்ணெய் தடவுக. எங்கள் வீட்டுக் கிணறு உவர்; அதில் கழுவிய நட்டுகள் மறுநாளே சிவந்திருந்தன.