பங்கு இருந்தால் பொறுப்பு வரும்

ஒருவர் ஒரு கடையில் வேலை செய்கிறார். கடைக் குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது. பார்க்கிறார். "நமக்கென்ன?" என்று போய்விடுகிறார். அவர் வீட்டுக் குழாய் ஒழுகினால் சும்மா இருப்பாரா? உடனே சரி செய்வார்.

ஆள் ஒருவர்தான். ஏன் இந்த வேறுபாடு? சோம்பல்தான் காரணமா? புனே நகரத்துப் பெண்களின் கதையைப் படியுங்கள். விடை கிடைக்கும்.

குப்பைத் தொட்டியில் பிழைப்பு

புனே மராட்டிய மாநிலத்தில் இருக்கிறது. பெரிய நகரம். ராணுவ வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் போன தமிழர்கள் பலர் அங்கே வாழ்கிறார்கள்.

அந்த நகரத்தில் ஏழைப் பெண்கள் பலர் குப்பை பொறுக்கிப் பிழைத்தார்கள். விடியும் முன் கிளம்புவார்கள். தெருத் தொட்டிகளைக் கிளறுவார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் எடுப்பார்கள். பழைய சாமான் கடையில் விற்பார்கள். கையில் கீறல். காலில் காயம். "திருடி" என்ற ஏச்சு வேறு.

1990-ஆம் ஆண்டு வாக்கில் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் துறையினர் இவர்களிடம் வந்தார்கள். குப்பை பொறுக்கும் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் எழுத்துச் சொல்லித் தர வந்தார்கள். கூடவே நடந்து வேலையையும் பார்த்தார்கள். ஒன்று புரிந்தது. வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வாங்கினால் தொட்டியைக் கிளற வேண்டாம். பொருளும் சுத்தமாகக் கிடைக்கும். விலையும் கூடும்.

சுமார் முப்பது பெண்களுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய் வாங்கினார்கள்.

சங்கம் பிறந்தது

இதைப் பார்த்த ஒரு வியாபாரி, தானும் வண்டி வைத்து அதே வேலையைத் தொடங்கினார். பெண்களின் பிழைப்புக்கு ஆபத்து வந்தது. பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள். தனித்தனியாக இருந்தால் பலம் இல்லை என்று அப்போது உணர்ந்தார்கள்.

1993 மே மாதம் ஒரு மாநாடு கூடியது. எண்ணூறு பேருக்கு மேல் வந்தார்கள். சுமை தூக்குவோர் சங்கத் தலைவர் பாபா ஆடாவ் துணை நின்றார். 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து' என்ற சங்கம் பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் சேகரிக்கும் உழைப்பாளிகளின் சங்கம் என்பது அதன் பொருள்.

வீட்டு வாசலில் வேலை

குப்பையை வீடு வீடாக வாங்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் அரசு விதி வந்தது. அந்த வேலையை நாங்களே செய்கிறோம் என்றது சங்கம். உறுப்பினர்கள் சேர்ந்து 'ஸ்வச்ச்' என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2008-இல் புனே மாநகராட்சி அதனோடு ஒப்பந்தம் செய்தது. இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

இங்கே முதலாளி கிடையாது. உறுப்பினர்களே சங்கத்தின் பங்காளிகள். நிர்வாகக் குழுவிலும் அவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணம் கொடுக்கிறார். பிரித்தெடுத்த காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் விற்ற பணமும் அவர்களுக்கே.

கணக்குப் போடுவோம்

ஒரு பெண்ணின் பொறுப்பில் 200 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் 50 ரூபாய் என்றால் வரவு எவ்வளவு?

200 × 50 = 10,000 ரூபாய்.

அவர் சரியாக வரவில்லை. 20 வீட்டார் கட்டணத்தை நிறுத்திவிட்டார்கள். நட்டம் எவ்வளவு?

20 × 50 = 1,000 ரூபாய்.

யாரும் மிரட்ட வேண்டியதில்லை. மேஸ்திரி பின்னால் நிற்க வேண்டியதில்லை. வேலை நன்றாக நடந்தால் வரவு கூடும். கெட்டால் குறையும். இது அவருக்கே தெரியும்.

எடைக்குக் கூலி

பல ஊர்களில் குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு எடைக்குப் பணம் தருகிறார்கள். எடை கூடினால் பணம் கூடும். அப்படியென்றால் குப்பையைக் குறைக்க அவருக்கு என்ன ஆசை இருக்கும்? பிரித்தால் எடை குறையும். ஆகவே எல்லாம் கலந்தே கிடங்குக்குப் போகும்.

புனேப் பெண்களுக்கோ பிரித்தால்தான் வரவு. அதனால் ஒரு பாட்டிலையும் விடமாட்டார்கள். மீதிக் குப்பைதான் மாநகராட்சி லாரியில் ஏறும். லாரிச் செலவு குறைகிறது. கிடங்கில் குவியும் மலையும் குறைகிறது. உழைப்பவருக்கும் லாபம், ஊருக்கும் லாபம்.

2020-ஆம் ஆண்டு இறுதியில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் வந்தது. பெண்கள் போராடினார்கள். குடியிருப்பு மக்கள் பலரும் அவர்களுக்காகப் பேசினார்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. தினமும் வாசலில் வந்து நின்ற உழைப்பு, ஆபத்துக் காலத்தில் துணையாக வந்தது.

வாய்ச் சொல் போதாது

"உன் சொந்தக் கடை போல நினைத்து வேலை செய்" என்று சில முதலாளிகள் சொல்வார்கள். ஆனால் லாபத்தில் பங்கு தரமாட்டார்கள். யோசனை சொன்னால் கேட்கமாட்டார்கள். அங்கே பொறுப்பு எப்படி வரும்?

குப்பை அள்ளும் கைக்குக் கையுறை வேண்டும். காலுக்குச் செருப்பு வேண்டும். நியாயமான வரவு வேண்டும். கூட்டத்தில் பேச உரிமை வேண்டும். "அம்மா, வாங்க" என்று கூப்பிடும் மரியாதை வேண்டும். இவை கிடைத்தால் உழைப்பவர் மனம் வைத்து வேலை செய்வார். தொழிலும் வளரும்.

தையல் கடை, செங்கல் சூளை, மகளிர் குழு, பெரிய தொழிற்சாலை, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒழுகும் குழாயை அடைக்கச் சொல்வதற்கு முன், அடைப்பவருக்கு அந்தக் கடையில் என்ன பங்கு என்று கேட்க வேண்டும்.

சிந்தியுங்கள், பேசுங்கள்

1. எடைக்குப் பணம் தந்தால் குப்பை ஏன் குறையாது?
2. உங்கள் வேலை நன்றாக நடந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?
3. உங்கள் வேலையிடத்தில் நீங்கள் சொன்ன யோசனை எதையாவது ஏற்றார்களா? அதனால் என்ன மாறியது?
4. உங்கள் தெருவில் குப்பை வாங்க வருபவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? நாளை கேட்டு எழுதுங்கள்.