விமான நிலையமும் கிராமத்து இளைஞர்களும்

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்துக் கிராம சபைக் கூட்டமொன்றில் முதிய விவசாயி ஒருவர் எழுந்து, "ஐயா, ஆகாய விமானம் எங்கள் தோட்டத்துக்கு மேலே நாள்தோறும் போய் வருகிறது. அதில் ஏறுகிறவர்களெல்லாம் வெளியூர்க்காரர்கள். அதனால் என் பேரனுக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் நகைத்தனர். ஆனால் அக்கேள்வி நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. விமான நிலையங்கள் பெரும்பாலும் கிராமங்களின் நடுவிலேயே அமைகின்றன. அங்குள்ள தொழில்களில் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டுமென்பது நியாயமான ஆசை. அதற்கு வழி எது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பெற்றோர்களும் அறிந்திருத்தல் நலம்.

சிறு நிலையங்களின் வளர்ச்சி

சிறு நகரங்களையும் விமானப் போக்குவரத்தால் இணைக்கும் பொருட்டு மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் 'உடான்' திட்டத்தை வகுத்தது. ஓமலூருக்கு அருகிலுள்ள காமலாபுரத்தில் அமைந்த சேலம் விமான நிலையத்தில் இத்திட்டத்தின் கீழ் 2018 மார்ச் 25-ஆம் தேதி மீண்டும் விமானம் வந்திறங்கியது. தூத்துக்குடிக்கு அருகே வாகைக்குளத்தில் உள்ள நிலையத்தின் ஓடுதளம் 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டப்பட்டது. அங்கு ஆண்டுக்கு 20 லட்சம் பிரயாணிகளுக்கு இடமளிக்கக்கூடிய புதிய கட்டடம் 2025 ஜூலை 26-ஆம் தேதி திறக்கப்பட்டது.

பெரிய நிலையத்தில் ஒரு சிப்பந்தி பெரும்பாலும் ஒரே வேலையைப் பார்ப்பார். சிறு நிலையத்திலோ, காலையில் பிரயாணச் சீட்டைச் சரிபார்த்தவரே பிறகு அறிவிப்புச் செய்து, பிரயாணிகளை விமானம் வரை அழைத்துச் செல்வதும் உண்டு. ஆகவே தொழில் பழகுவோருக்குச் சிறு நிலையமே நல்ல பள்ளிக்கூடம்.

களத்தில் கற்றது ஓடுதளத்திலும் உதவும்

விமானம் என்றதும் விமானி ஒருவரே நம் நினைவுக்கு வருகிறார். அவர் பத்திரமாக எழும்பி இறங்குவதற்குத் தரையில் பலர் உழைக்கின்றனர். அவர்களுடைய வேலைகள் நமக்கு முற்றிலும் புதியவை அல்ல.

களத்தில் நெல் தூற்றுபவர் முதலில் காற்றின் திசையைப் பார்க்கிறார். விமானமும் இயன்றவரை காற்றுக்கு எதிர்முகமாகவே எழும்புகிறது; எதிர்முகமாகவே இறங்குகிறது. அதற்காகவே நிலையத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பையைக் கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள்.

பாரவண்டி ஏற்றுபவர் முன்பாரம் பின்பாரம் பார்த்தே மூட்டைகளை அடுக்குவார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும். விமானத்துக்கும் இதுவே விதி. பிரயாணிகள், சாமான்கள், எரிபொருள் ஆகியவற்றின் எடையைக் கணக்கிட்டு, பாரம் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு பிரயாணத்துக்கு முன்பும் விமானிக்குத் தெரிவிக்கின்றனர். சேலம் போன்ற நிலையங்களுக்கு வரும் ஏடிஆர் 72 விமானத்தில் பிரயாணிகள் ஏறும் வாயில் பின்புறத்தில் உள்ளது. ஏற்றி இறக்கும்போது வால் தாழ்ந்துவிடாதபடி அடியில் ஒரு முட்டுக்கோல் கொடுப்பதுண்டு.

பிரயாணிகளின் பெட்டிகளைச் சிறு வண்டிகளில் ஏற்றி, அவற்றை வரிசையாகக் கோத்து ஒரு சிறு டிராக்டர் இழுத்துச் செல்கிறது. டிரெய்லர் கட்டிய டிராக்டரை வரப்போரத்தில் பின்னோக்கி ஓட்டத் தெரிந்த இளைஞருக்கு இது எட்டாத வித்தையன்று.

துப்புரவுப் பணியையும் இழிவாக எண்ணலாகாது. 2000 ஜூலை 25-ஆம் தேதி பாரிஸ் நகரில் கன்கார்டு விமானம் ஒன்று எழும்பும்போது ஓடுதளத்தில் கிடந்த உலோகப் பட்டையொன்று அதன் சக்கரத்தைக் கிழித்தது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் நால்வரும் மாண்டனர். ஒரு சிறு தகட்டைக் கண்டு எடுத்துவிடும் கண்ணும் அத்தனை உயிர்களைக் காக்கும்.

சான்று இன்றியமையாதது

எனினும் அனுபவம் மட்டும் போதாது. விமான நிலையத்தில் ஒவ்வொரு வேலைக்கும் பயிற்சியும் சான்றும் கேட்கப்படும். சாலையில் வண்டி ஓட்டும் உரிமம் பெற்றவரும் விமானங்கள் நிற்கும் இடத்தில் ஓட்டத் தனி அனுமதி பெறவேண்டும். சாமான்களைச் சோதிப்பவர் விமானப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும்.

தீயணைப்புப் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஓடுதளத்தின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்துக்கு மேற்படாமல் தீயணைப்பு வண்டி சேரவேண்டும். இரண்டு நிமிடத்தில் சேர்வதே குறிக்கோள் என்பது சர்வதேச விதி. இப்பிரிவின் தொடக்கநிலை உத்தியோகத்துக்கு இந்திய விமான நிலைய ஆணையம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியையோ, பத்தாம் வகுப்புடன் இயந்திரவியல், மோட்டார் வாகனவியல், தீயணைப்பு ஆகியவற்றுள் ஒன்றில் மூன்றாண்டு டிப்ளமாவையோ கேட்டு வந்துள்ளது. அதனுடன் ஓட்டுநர் உரிமமும் உடற்கட்டும் வேண்டும்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியாவதற்குப் பௌதிகமும் கணிதமும் கற்ற பி.எஸ்ஸி. பட்டமோ, பொறியியல் பட்டமோ தேவை. பதினோராம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிடும் மாணவர் இக்கதவைத் தம் கையாலேயே அடைத்துக்கொள்கிறார் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஐ.டி.ஐ., டிப்ளமா, பட்டம் முடித்தோருக்கு 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் பயிற்சி பெறவும் வாய்ப்புண்டு. அது பயிற்சியே; நிரந்தர வேலைக்கு உறுதி அன்று.

விமானம் நின்றாலும் தொழில் நிற்கலாகாது

சேலத்தில் 2018-இல் தொடங்கிய விமானப் போக்குவரத்து 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. சிறு நிலையங்களில் இத்தகைய இடைவெளி நேரக்கூடும். ஆகையால் இளைஞர்கள் சீருடையைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்காமல், வேறிடத்துக்கும் எடுத்துச் செல்லக்கூடிய கைத்தொழிலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தீயணைப்புப் பயிற்சியும் கனரக வாகன உரிமமும் பெற்றவரைத் துறைமுகமும் தொழிற்சாலையும் ஏற்கும். ஜெனரேட்டரையும் ஓடுதள விளக்குகளையும் பராமரித்த மின்பணியாளருக்கு ஆஸ்பத்திரியிலும் நூற்பாலையிலும் வேலை உண்டு. பாரக் கணக்குப் பழகியவர் சரக்குக் கிடங்கில் பயன்படுவார். பிரயாணிகளிடம் பொறுமையுடன் பேசப் பழகிய பெண் வங்கியிலும் ஹோட்டலிலும் மதிக்கப்படுவாள். விமானம் பழுதுபார்க்கும் பொறியாளர் படிப்போ பெரும்பொருட் செலவுடையது. பெரும்பாலும் விமானத் துறைக்கே உரியது. அதில் சேரும் முன் அப்பள்ளிக்கு மத்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் உண்டா என்று தீர விசாரிக்க வேண்டும்.

தரகர்களிடம் எச்சரிக்கை

எங்கள் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தார் கறவை மாடுகளை விற்று, விமான நிலையத்தில் உத்தியோகம் வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தனர். முத்திரையிட்ட நியமன உத்தரவும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு சென்ற மகன் வாயிலிலேயே அது போலி என்று அறிந்து திரும்பினான். அவ்வுத்தரவை அவன் என் மேஜைமீது வைத்த நாளை நான் மறக்கவில்லை. முன்னரே ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் அம்மாடுகள் தொழுவத்தில் நின்றிருக்கும். ஆணையத்தின் வேலைகள் அதன் இணையதளத்தில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, தேர்வு மூலமே நிரப்பப்படுகின்றன. அறிவிப்பில் குறித்த விண்ணப்பக் கட்டணத்துக்கு மேல் யார் பணம் கேட்டாலும் அது மோசடியே.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

1. வேலை அறிவிப்புகளைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதிவைத்து, கிராம சபையிலும் படித்துக் காட்டலாம்.

2. நிலையத்துக்குள் அனுமதி பெறப் போலீஸ் விசாரணை உண்டு. பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளனவா என்று மாணவர்களை இப்பொழுதே பார்க்கச் சொல்லலாம்.

3. டிராக்டர் ஓட்டும் இளைஞர்கள் முறைப்படி உரிமம் பெற ஊக்குவிக்கலாம்.

4. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளைக் கவரும்படி குப்பை கொட்டுவதையும், திறந்த வெளியில் பிராணிகளை அறுப்பதையும் விமான விதிகள் தடுக்கின்றன. அவ்வெல்லைக்குட்பட்ட பஞ்சாயத்துகள் குப்பையை ஒழுங்காக அகற்றினால், பருந்தும் கொக்கும் விமானத்தில் மோதும் அபாயம் குறையும்.

அன்று கேள்வி கேட்ட முதியவரின் பேரன் அப்பொழுது பத்தாம் வகுப்பில் இருந்தான். கூட்டம் முடிந்ததும் அவர் என்னருகே வந்து, "அவனைக் கணக்குப் பாடத்தை விடாமல் படிக்கச் சொல்கிறேன், ஐயா" என்றார். அவன் நாளை விமான நிலையத்துக்குச் சென்றாலும், வேறு தொழிலுக்குச் சென்றாலும் அக்கணக்கு அவனுக்குத் துணை நிற்கும். ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் பிள்ளைகளுக்கு இவ்வளவு வழிகாட்டினால், விமான நிலையம் கிராமத்துக்கும் பயன்படும் என்பதில் ஐயமில்லை.