கோழிகளின் அயர்ச்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை

தீவனத்தில் குறையில்லை. தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. கழிச்சலோ சளியோ கண்ணில் படவில்லை. ஆயினும் முட்டை குறைகிறது. இத்தகைய நிலையில் நோய் என்றெண்ணி மருந்துக்குப் பணம் செலவிடுவோர் பலர். பல சமயங்களில் உண்மையான காரணம் அயர்ச்சியாக இருக்கும். கோடை வெப்பம், இட நெருக்கடி, தண்ணீர்க் குறைவு, அம்மோனியா நெடி, திடீர்த் தீவன மாற்றம் ஆகிய அனைத்தும் கோழிக்கு அயர்ச்சி தருபவை. இதை ரத்தத்தைக் கொண்டு அளந்தறிய முடியும்.

உடலில் நடப்பது என்ன?

தொல்லை நேர்ந்ததும் கோழியின் சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பி, கார்டிகோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. இது சில நிமிடங்களிலேயே உயர்ந்துவிடும். கோழியைத் துரத்திப் பிடிப்பதே அதை உயர்த்தப் போதுமானது. ஆகவே இந்த ஹார்மோனை அளக்க வேண்டுமானால், கோழியைத் தொட்ட 2 அல்லது 3 நிமிடங்களுக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் கிடைப்பது பிடித்ததால் வந்த அச்சத்தின் அளவே.

பண்ணைக்கு ஏற்ற முறை

நாள்பட்ட தொல்லையை அறிய வெள்ளணுக்களை எண்ணும் முறை ஏற்றது. கோழி ரத்தத்தில் மிகுதியாக உள்ள வெள்ளணுக்கள் இருவகை: ஹெட்டிரோஃபில், லிம்ஃபோசைட். அயர்ச்சி நீடித்தால் ஹெட்டிரோஃபில் கூடும், லிம்ஃபோசைட் குறையும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் எண்ணே அளவுகோல். இது மாறச் சில மணி நேரம் ஆவதால், பிடிக்கும்போது ஏற்படும் பதற்றம் இதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இம்முறையை 1983-ல் கிராஸ், சீகல் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் விளக்கினர். விகிதம் 0.2 அளவில் இருந்தால் அயர்ச்சி குறைவு, 0.5 நடுத்தரம், 0.8 அதிகம் என்பது அவர்கள் காட்டிய வழி.

உதாரணமாக, 100 வெள்ளணுக்களை எண்ணியதில் ஹெட்டிரோஃபில் 30, லிம்ஃபோசைட் 60 என்றால் விகிதம் 0.5. அதுவே 40-ம் 50-ம் ஆனால் 0.8.

ரத்தம் எடுக்கும் விதம்

இறக்கையின் உட்புறம் தோலுக்கடியில் தெரியும் ரத்தக் குழாயிலிருந்து கால்நடை மருத்துவர் ரத்தம் எடுப்பார். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி, உலர்த்தி, லீஷ்மேன் போன்ற சாயமிட்டு, நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். கோழியின் சிவப்பணுவிலும் உட்கரு இருப்பதால், மனித ரத்தத்தை எண்ணும் கருவியை அப்படியே நம்பலாகாது. பழகிய கண்ணே தேவை.

ஒரே கோழியை வைத்து முடிவு செய்யக் கூடாது. கொட்டகையின் பல பகுதிகளிலிருந்தும் கோழிகளைத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் எடுக்க வேண்டும்.

எச்சரிக்கை

நோய்க் கிருமி தாக்கினாலும் ஹெட்டிரோஃபில் கூடும். எனவே எண்ணை மட்டும் பார்த்து அயர்ச்சி என்று முடிவு கட்டலாகாது. செத்த கோழிகளை அறுத்துப் பார்த்து நோய் இல்லை என உறுதி செய்வது அவசியம். இனம், வயது ஆகியவற்றுக்கு ஏற்பவும் இந்த எண் மாறும். கோழிகள் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை எண்ணிக் குறித்து வைத்தால், பின்னர் ஒப்பிட உதவும்.

பண்ணையாளர் செய்ய வேண்டியவை

விகிதம் உயர்ந்திருந்தால், அயர்ச்சி உண்டு என்றுதான் பொருள். எதனால் என்பதைப் பரிசோதனை சொல்லாது. அதைக் கொட்டகையில்தான் தேட வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள், வெயிலில் சுடுகிறதா? பக்கவாட்டில் காற்றோட்டம் உண்டா? கூண்டுக்கு எத்தனை கோழி? கோடையில் தீவனத்தை அதிகாலையிலும் மாலையிலும் கொடுங்கள். கூரைமேல் தண்ணீர் தெளியுங்கள்.

லிம்ஃபோசைட் அணுக்களே நோய் எதிர்ப்புக்கு அடிப்படை. அவை குன்றிய நிலையில் போடும் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முழுப்பயன் தராமல் போகலாம். ஆகவே அயர்ச்சியுள்ள கோழிகளுக்கு முதலில் தொல்லையை நீக்கி, பிறகு மருத்துவர் யோசனைப்படி தடுப்பூசி போடுவதே நலம். சில வாரங்கள் கழித்து மீண்டும் ரத்தத்தைச் சோதித்தால், செய்த மாற்றம் பலித்ததா என்பது தெரியும்.