கைப்பேசி மருத்துவமும் உரைகல்லும்

முன்னுரை

ஆரணியில் பட்டுநூல் வாங்குவோர் அதன் பளபளப்பை மட்டும் கண்டு விலை பேசுவதில்லை. ஓர் இழையைப் பிரித்துத் தீயிலிட்டுப் பார்ப்பர். மயிர் கருகும் நாற்றம் எழுந்து, சாம்பல் விரலிடையே பொடியாக உதிர்ந்தால் அது பட்டு. உருகித் திரண்டு கெட்டியானால் அது செயற்கை இழை. ஜரிகையையும் உரைகல்லில் உரைத்துப் பார்த்த பின்னரே ஏற்பர். நூலுக்கு இத்துணைச் சோதனை செய்யும் நாம், உடல்நலம் பற்றிக் கைப்பேசி கூறுவனவற்றை மட்டும் சோதியாமல் ஏற்பது முறையாகுமா? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாகும்.

எம் மாணவர் ஒருவரின் தந்தையார் குழித்தறி நெசவாளர். பல்லாண்டுகளாக நீரிழிவு உடையவர். விரலைக் கைப்பேசியின் கேமரா மீது வைத்தாலே இரத்தச் சர்க்கரை தெரியும் என்று கூறிய செயலியொன்றை யாரோ அவருக்குக் காட்டினர். அதில் நாள்தோறும் நல்ல எண்ணே வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டார். தறியின் மிதியில் பட்ட சிறு காயம் ஆறாமல் புரையோடி, ஒரு கால்விரலை அகற்ற நேர்ந்தது. நாம் பார்க்கச் சென்றபோது அவர் சொன்னது இவ்வளவே: "செல்லுல நார்மல்னுதான் சார் காட்டுச்சு."

அவர் படிப்பறியாதவர் அல்லர். சான்றைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாத குற்றத்தில் படித்தவர்களாகிய நமக்கும் பங்குண்டு.

சான்று என்பது யாது?

ஒருவர் மருந்துண்டார், நோய் தீர்ந்தது. மருந்தால்தான் தீர்ந்தது என்று எங்ஙனம் அறிவது? தானே தீர்ந்திருக்கலாம் அன்றோ? எனவே ஒத்த நிலையினர் இரு சாராரை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கி.பி. 925 அளவில் மறைந்த பேரறிஞர் அர்ராஸீ, மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்டோருள் ஒரு சாராருக்குக் குருதி வாங்கிச் சிகிச்சை செய்து, மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டுப் பார்த்ததாகத் தம் நூலில் எழுதியுள்ளார். இன்றைய ஒப்பீட்டாய்வின் வித்து அதில் உள்ளது எனலாம்.

இன்று ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கின்றனர். விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை. இம்முறை தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு வீட்டிலும் மற்றொரு சாராருக்கு மருத்துவ விடுதியிலும் சிகிச்சை அளித்தது. வீடுகளோ நெருக்கடியானவை, உணவோ குறைவு. இருப்பினும் வீட்டுச் சிகிச்சையும் விடுதிச் சிகிச்சைக்கு ஒப்பான பயன் தந்தது. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

குறுஞ்செய்தியும் நீரிழிவும்

கைப்பேசியும் இத்தகைய சோதனைக்கு உட்பட்டதுண்டா? உண்டு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 537 ஆண் தொழிலாளர்களை ஆராய்ந்தனர். உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை இரு குழுவினருக்கும் தொடக்கத்தில் வழங்கப்பட்டது. ஒரு குழுவினருக்கு மட்டும் அதனை நினைவூட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து சென்றன. ஈராண்டு முடிவில், செய்தி பெற்றோருள் 100க்கு 18 பேருக்கும் பெறாதோருள் 100க்கு 27 பேருக்கும் நீரிழிவு தோன்றியிருந்தது. அஃதாவது 11 பேருக்குச் செய்தி அனுப்பினால் ஒருவர் அக்காலத்தே நீரிழிவிலிருந்து காக்கப்படுகிறார். ஒரு குறுஞ்செய்தியின் விலையை எண்ணிப் பார்க்க, இது பெரும்பேறே. 2013இல் இம்முடிவு வெளியாயிற்று.

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை இனிதே முடியும், உண்மை முடியாது. அதே நோக்கில் இந்தியாவிலும் இங்கிலாந்திலுமாக 2062 பேரிடம் பின்னர் ஓர் ஆய்வு நடைபெற்றது. இம்முறை ஆண், பெண் இருபாலாரும் இருந்தனர். வயது இந்தியாவில் 35 முதல் 55 வரை, இங்கிலாந்தில் 40 முதல் 74 வரை. சர்க்கரையைக் கண்டறியக் கொண்ட சோதனையும் வேறு. முன்னதில் குளுக்கோஸ் கரைசல் அருந்தச் செய்து அளந்தனர். பின்னதில் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைக் கொண்டனர். 2020இல் வெளியான முடிவு, குறுஞ்செய்தியால் நீரிழிவு குறைந்தது என்று உறுதிபடக் கூற இயலாது என்பதாகும்.

இவ்விரண்டில் எதனை நம்புவது? மாணவர்கள் ஈண்டு கூர்ந்து நோக்கல் வேண்டும். ஒன்று மெய், மற்றொன்று பொய் என்பதன்று. முதல் ஆய்வு குறிப்பிட்ட வகையினரான ஆண்களிடம் பயன் கண்டது. அப்பயன் எல்லார்க்கும் உரியது என்று விரித்துச் சொல்ல இரண்டாம் ஆய்வு இடந்தரவில்லை. ஒரே பாடலுக்கு ஏடுதோறும் பாடவேறுபாடு இருப்பின், ஓரேட்டை மட்டும் கண்டு பதிப்பிப்பவர் நல்ல பதிப்பாசிரியர் ஆகார். எல்லா ஏடுகளையும் ஒப்புநோக்குவதே பதிப்பு நெறி. மருத்துவத்தில் சான்றாய்வு என்பதும் அதுவே.

நினைவூட்டலும் மனிதத் துணையும்

கென்யா நாட்டில் எச்.ஐ.வி. சிகிச்சை பெற்ற 538 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. வாரந்தோறும் நலம் வினவும் ஒரு குறுஞ்செய்தி சென்றது. 48 மணி நேரத்துக்குள் விடை தராதோரையும், தொல்லை உண்டு என்று விடுத்தோரையும் மருத்துவப் பணியாளர் தொலைபேசியில் அழைத்துப் பேசினர். மருந்தை ஒழுங்காக உண்டோர் செய்தி பெற்ற குழுவில் 100க்கு 62. பெறாத குழுவில் 50.

தென்னிந்தியாவில் 631 பேரிடம் நிகழ்ந்த ஆய்வில் தானியங்கிக் குரலழைப்பும் படச்செய்தியும் வாரந்தோறும் சென்றன. 2014இல் வெளியான முடிவின்படி, சிகிச்சை தோல்வியுறுவதில் இரு குழுவினரிடையே வேறுபாடில்லை. இவ்விரு ஆய்வுகளும் எல்லா வகையிலும் ஒத்தவை அல்ல. எனவே ஒரே காரணத்தைச் சுட்டி முடிவுகட்டல் தகாது. எனினும் ஒன்றில் செய்தியின் பின்னே ஒரு மனிதக் குரல் காத்திருந்தது என்பது எண்ணத் தக்கது.

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நான்காகப் பகுத்தார். கைப்பேசி இந்நான்கனுள் எதுவும் அன்று. உதவுவோர் கையில் உள்ள ஒரு கருவியே அது.

கருவி எதனை அளக்கிறது?

நம் அண்டை நகராகிய வேலூரும் ஒரு சான்றாய்வில் இடம்பெற்றுள்ளது. காசநோய் மாத்திரை அட்டையைப் பிதுக்கினால் உறையில் மறைந்திருக்கும் தொலைபேசி எண் வெளிப்படும்; அவ்வெண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்தால் மாத்திரை உண்டதாகப் பதிவாகும். '99டாட்ஸ்' என்பது இதன் பெயர். சென்னை, வேலூர், மும்பை ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 600 நோயாளிகளின் இல்லங்களுக்கு ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று, சிறுநீரில் மருந்தின் சுவடு உண்டா என்று சோதித்தனர். 2020இல் வெளியான அவ்வாய்வின்படி, மெய்யாகவே மாத்திரை உண்டோருள் ஏறத்தாழ 100க்கு 70 பேரையே இம்முறை சரியாகக் காட்டியது. உண்டும் அழையாதோர் பலர். கருவி அளந்தது அழைப்பை, உண்ணலை அன்று.

கண்மருத்துவத்தில் முடிவு இதனினும் நம்பிக்கை தருவது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயாவிலும் 3049 நோயாளிகளின் விழித்திரைப் படங்களைக் கணினிச் செயற்கை அறிவு ஆராய்ந்தது. நீரிழிவால் கண் பாதிப்புற்று மேற்சிகிச்சை வேண்டியோருள் முன்னதில் 100க்கு ஏறத்தாழ 89 பேரையும் பின்னதில் 92 பேரையும் அது கண்டுபிடித்தது. இம்முடிவு 2019இல் வெளியாயிற்று. ஆயினும் தாய்லாந்தில் அதே வகைக் கருவி எளிய மருத்துவ நிலையங்களில் பயன்பட்டபோது, வெளிச்சக் குறைவு முதலியவற்றால் தெளிவற்ற படங்களை அது ஏற்க மறுத்தது. அவ்வாறு தள்ளப்பட்டவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் என்று 2020இல் ஓர் ஆய்வு கூறிற்று. பெருமருத்துவமனையில் வென்ற கருவி சிற்றூரிலும் வெல்லும் என்று தானாகக் கொள்ளலாகாது.

சோதனைக்கு உட்படாத செயலிகளின் நிலையோ இரங்கத்தக்கது. கைப்பேசியை மார்பில் வைத்து, கேமராவை விரலால் மூடி இரத்த அழுத்தம் அளப்பதாகக் கூறிய செயலியொன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 85 பேரிடம் சோதித்தனர். உயர் அழுத்தம் உடையோரில் ஐவருள் ஏறத்தாழ நால்வருக்கு அது இயல்பான அளவு என்றே காட்டிற்று. 2016இல் இது வெளியாகுமுன் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் அச்செயலியை விலைகொடுத்து வாங்கியிருந்தனர். தோலைக் குத்தாமல் சர்க்கரை அளப்பதாகக் கூறும் கைக்கடிகாரம், மோதிரம் எதனையும் தாம் ஏற்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அவ்வெச்சரிக்கை ஆரணித் தறிமேடு வரை வந்து சேரவில்லை.

ஐந்து வினாக்கள்

நபிமொழி தொகுத்த அறிஞர்கள் செய்தியை மட்டும் நோக்கவில்லை. அதனைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்னும் அறிவிப்பாளர் வரிசையையும் ஆராய்ந்தனர். அந்நெறியைப் பின்பற்றி நாமும் ஐந்து வினாக்களை எழுப்பலாம்.

1. இதனைச் சொல்பவர் யார்? விற்பவரா, தொடர்பில்லாத ஆய்வாளரா?
2. எத்தனை பேரிடம், எவரோடு ஒப்பிட்டுச் சோதித்தனர்?
3. அவர்கள் நம்மை ஒத்தவர்களா?
4. கருவி அளப்பது நோயையா, வேறொன்றையா?
5. கருவி தவறினால் நம்மைத் தாங்கும் மனிதர் யார்?

முடிவுரை

புதுமையை வெறுத்தொதுக்குதல் நம் நோக்கமன்று. மின்வழி நலக்கருவிகள் செம்மையாக இயங்கும் மருத்துவ அமைப்புக்கு மாற்றாகா என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவுறுத்தியுள்ளது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுவாயிலுக்கு மாத்திரை கொண்டு வருபவர் ஒரு பெண் தன்னார்வலர். பதிவேடு கைப்பேசியில் இருக்கலாம். கதவைத் தட்டுவது மனிதக் கையே.

அந்நெசவாளர் மீண்டும் தறிக்குழியில் இறங்கிவிட்டார். திங்கள்தோறும் மகன் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, ஊசிமுனையில் எடுத்த குருதியைச் சோதிக்கச் செய்கிறான். மாணவர்களே! உங்கள் இல்லங்களில் கைப்பேசியின் சொல்லை நம்பி யாரேனும் மருந்தை நிறுத்தியுள்ளனரா என்று இன்று மாலையே கேளுங்கள். இம்மலரைப் படித்த பயன் அதுவாக அமையட்டும்.