பிளைட் மோடில் போட்டால் போதாதா?

கேள்வி: அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். காலையில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். போன் சிக்னல் பட்டால் மருந்து வெடித்துவிடும் என்று சொல்கிறார்கள். அப்படியானால் பிளைட் மோடில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு போனால் என்ன?
- வாசகி, ஏழாயிரம்பண்ணை

பதில்: நல்ல கேள்வி, சகோதரி. சிக்னல்தான் காரணம் என்றால், அதை நிறுத்திவிட்டால் ஆபத்தும் போய்விட வேண்டும் என்று சரியாகவே யோசித்திருக்கிறீர்கள். ஆனால் காரணம் சிக்னல் அல்ல.

4ஜி போன் வெளியிடும் ரேடியோ அலையின் உச்ச அளவு பொதுவாக 0.2 வாட்தான். பழைய 2ஜி போனிலும் அதிகபட்சம் 2 வாட். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் சேர்ந்த கலவையைச் சூடாக்கிப் பற்றவைக்க இது போதாது. ஊர் டவர்களின் அலையோ ஆலைச் சுவருக்குள்ளும் எந்நேரமும் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. கல் குவாரியில் மின் டெட்டனேட்டர், அதாவது மின்சாரம் பாய்ந்தால் வெடிக்கும் கேப், வைத்து வந்தார்கள். அதிலிருந்து நீளும் வயர் ஆன்டெனா போல ரேடியோ அலையை இழுக்கக்கூடும். அங்கே சிக்னலுக்குப் பயந்தது நியாயம். பட்டாசு மருந்தில் அந்த வயர் இல்லை.

பிறகு ஏன் போனை வாங்கி வைக்கிறார்கள்?

முதல் காரணம் பேட்டரி. பிளைட் மோடு ஆன்டெனாவைத்தான் அடக்கும். லித்தியம் பேட்டரி அப்படியே உயிரோடு இருக்கும். உப்பிப்போன பேட்டரியோ, கீழே விழுந்து நசுங்கிய பேட்டரியோ உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் சூடு சூட்டைக் கூட்டிக்கொண்டே போய்த் தீயைக் கக்கும். வீட்டில் என்றால் மேசை கருகும். மருந்து அறையில் அப்படி நடந்தால் ஓடுவதற்குக்கூட நேரம் இருக்காது.

இரண்டாவது, உராய்வும் அடியும். மருந்துக்குத் தீக்குச்சியே வேண்டியதில்லை. அழுத்தித் தேய்த்தாலே சிலவகைக் கலவை பற்றிக்கொள்ளும். 2021 பிப்ரவரி 12 அன்று உங்கள் பக்கத்து அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோமே, அப்போதும் மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வுதான் காரணமாகப் பேசப்பட்டது. இடுப்பில் இருக்கும் போன் குனியும்போது நழுவி, மருந்து சிந்திய தரையில் விழுவதை எண்ணிப் பாருங்கள். அலாரம் அடித்து, மருந்து அள்ளும் கை திடுக்கிட்டாலும் அதே ஆபத்துதான். பிளைட் மோடிலும் அலாரம் அடிக்கும்.

நைலான் துணி வேண்டாம், பருத்தி உடுத்துங்கள் என்பதும், அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொடச் சொல்வதும் இதோடு சேர்ந்தவைதான். உடம்பிலும் துணியிலும் உராய்வால் சேர்ந்து, எதையாவது தொட்டதும் 'சுரீர்' என்று பாய்கிறதே, அந்த நிலைமின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கத்தான் அந்தத் தகடு. பெட்ரோல் பங்க் தீவிபத்துகளிலும் போன்மேல் விழுந்த பழி பெரும்பாலும் இந்த நிலைமின்சாரத்துக்குச் சேர வேண்டியது.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். அலுமினியப் பவுடர் மாவைவிட நைசானது, மின்சாரமும் கடத்தும். விரலில் படியும் வெள்ளி நிறப் பூச்சு போனின் சார்ஜர் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் போனை இரவில் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டால், முனைகளுக்கு நடுவே ஷார்ட் ஆகிச் சூடேறலாம். மருந்துத் தூசி வீட்டுக்கும் வந்து சேரும். ஆகவே கேட்டில் போனை வாங்கி வைப்பது ஆலையை மட்டுமல்ல, உங்கள் வீட்டையும் காக்கிறது.

அவசரத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். ஆலை அலுவலகத்தின் எண்ணை வாங்கி உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். அலுவலக எண் தர மறுக்கும் ஆலையாக இருந்தால், விடாமல் கேளுங்கள். மாலையில் அம்மா கை கழுவிவிட்டு, வேலைச் சேலையை மாற்றிய பிறகே போனைத் தொடட்டும்.