வேர்விடுந் தொட்டிகளில் வழும்பு பிடித்தல்

மண்ணில் ஊன்றாமல் ஜலத்தைக் கொண்டே கிளைத்துண்டுகளை வேர்விடச் செய்யும் தொட்டிகள் இப்பொழுது நமது பக்கத்து நாற்றங்கால்கள் சிலவற்றிலும் காணப்படுகின்றன. கோயில்களும் கல்யாண மண்டபங்களும் நிறைந்த காஞ்சிபுரத்தில் பூவுக்குக் கிராக்கி என்றுங் குறைவதில்லை. ஆனால் நல்ல மல்லிகைக் கன்று வேண்டுவோர் பலரும் இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தையே எதிர்பார்க்கின்றனர். கன்றை இங்கேயே உண்டாக்கிக்கொள்ளலாமென்று முயல்வோர் இத்தொட்டிகளை நாடுவதில் வியப்பில்லை. அவ்வாறு முயல்வோர் கூறுங் குறை பெரும்பாலும் ஒன்றே. முதல் வாரத்தில் துண்டுகள் பசுமையாக நிற்கின்றன. இரண்டாம் வாரத்தில் அடித்தண்டைத் தொட்டால் ஒருவிதக் கொழகொழப்பு விரலில் ஒட்டுகிறது. ஜலம் நாறத் தொடங்குகிறது. பின்னர்த் துண்டுகள் அடியிலிருந்து கறுத்து அழுகிவிடுகின்றன. இக்கொழகொழப்பையே வழும்பு என்கிறோம்.

தொட்டியின் அமைப்பு எளிது. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் மூடியில் துளைகளிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு துண்டை ஸ்பாஞ்சு வளையத்தால் பிடித்து நிறுத்துவர். அடியிலுள்ள சிறு பம்பு ஜலத்தை நுண்துளிகளாக அடித்தண்டின்மீது தெளித்துக்கொண்டிருக்கும். மண்ணில்லாச் சாகுபடியைக் கலிபோர்னியாவில் கெரிக் என்னும் ஆசிரியர் 1929 முதல் பெரிய அளவில் செய்து காட்டினார். நமது தேசத்தில் 1946-ல் வங்காளத்துக் கலிம்பாங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இதனைத் தொடங்கினார். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் வேர்களுக்கு நீர்த்துளிகளையே தெளித்து விதைக்கிழங்கு உண்டாக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளனர். கலிம்பாங்கும் சிம்லாவும் மலையூர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. அங்குத் தானாகவே குளிர்ந்திருக்கும் ஜலம் இங்குச் சித்திரை வைகாசியில் வெந்நீராகிவிடும்.

இனி, வழும்பாவது யாது? குளத்துப் படிக்கட்டில் கால் வைத்தவருக்கு அதன் வழுக்கல் தெரியும். ஈரமுள்ள இடத்தில் பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து, அப்பசைக்குள்ளேயே கூட்டமாகக் குடியிருக்கும். நமது ஊராருக்கு இதனை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. கோராப் பட்டு நூலின்மேல் ஒரு பசை உண்டு. நூலின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதுவே. வெறும் ஜலத்தில் அலசினால் அது போகாதென்றும், சோப்புக் கலந்து காய்ச்சினால்தான் நூல் சாயம் ஏற்குமென்றும் சாயக்காரர் யாவரும் அறிவர். கிருமியின் பசையும் அத்தன்மையதே. ஹாலந்து தேசத்து லேவன்ஹூக் 1680-களில் தமது பல்லின் ஊத்தையைப் பூதக்கண்ணாடியால் நோக்கியபொழுது, காடியால் வாய் கொப்பளித்தும் ஊத்தையின் வெளிப்புறத்துக் கிருமிகளே இறந்தன, உட்புறத்தவை உயிரோடிருந்தன என்று எழுதிவைத்தார். தொட்டிக்குள் மருந்தை மேலும் மேலும் ஊற்றியும் வழும்பு திரும்ப வருவதற்குக் காரணம் இதுவே. முதலில் தேய்த்தகற்ற வேண்டும்; மருந்து அதற்குப் பின்னரே.

துண்டில் காணும் வழுவழுப்பெல்லாம் வழும்பன்று. வேர் புறப்படுமுன் வெட்டுவாயைச் சுற்றி வெண்ணிறமான சிறு புடைப்புகள் தோன்றும். அவை நன்மைக்கே அறிகுறி. இளவேரின் நுனியில் தெளிந்த மெல்லிய பிசின் சிறிதிருத்தலும் இயற்கையே. பச்சையாய்ப் படர்வது பாசி. வெளிச்சம் உட்புகுகிறதென்று அது காட்டும். வழும்போ நிறமற்றதாகவோ பழுப்பாகவோ தொங்கும். இழுத்தால் நூல்போல் வரும். பம்பின் சல்லடையிலும் தொட்டியின் மூலைகளிலும் முதலில் தோன்றும். நாற்றம் முட்டை அழுகினாற்போலிருக்குமாயின் தொட்டிக்குள் பிராணவாயு அற்றுவிட்டதென்று கொள்க.

வழும்புக்கு முதற்காரணம் உஷ்ணம். சுத்தமான ஜலம் 20 டிகிரி சென்டிகிரேடில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே. 35 டிகிரியில் 7-க்கும் சற்றுக் குறையும். உஷ்ணம் ஏறுந்தோறும் கிருமிகளும் அடித்தண்டும் சுவாசிக்கும் வேகமோ அதிகரிக்கிறது. வரவு குறைந்து செலவு கூடினாற்போல, பிராணவாயு போதாமல் அடித்தண்டு தளர்கிறது. தளர்ந்த திசுவில் அழுகற் பூசணங்கள், முக்கியமாகப் பித்தியம், எளிதிற் புகுகின்றன. வழும்பைக் கண்டு கிருமிக்கு மருந்து தேடுவோர் பலர். தொட்டியில் உஷ்ணமானியை விட்டுப் பார்ப்போர் சிலரே. நமது கருத்தில் ஒரு நல்ல உஷ்ணமானி பத்துப் புட்டி மருந்துக்குச் சமானம்.

ஜலத்தை 25 டிகிரிக்குள் வைக்க முயல வேண்டும். தொட்டியைக் கொட்டகையின் வடபுறத்தில் மண்ணில் பாதியளவு புதைத்து, வெளிப்பட்ட பாகத்தைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டி, சாக்கு உலராமல் பார்த்துக்கொண்டால் கணிசமாகக் குளிரும். உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளைப் பகலில் உள்ளே மிதக்கவிடுவதும் உதவும். அநேகர் கவனியாத ஒன்றுண்டு: ஜலத்தில் மூழ்கி ஓயாது ஓடும் பம்பே ஜலத்தைச் சுடவைக்கிறது. ஒரு நிமிஷம் ஓடி ஐந்து நிமிஷம் நிற்குமாறு டைமர் ஒன்றை இணைத்தால் சூடும் குறையும். தெளிப்புக்கு இடையில் தண்டுக்குக் காற்றும் கிடைக்கும்.

இரண்டாவது, கிருமிக்கு இரையாகும் பொருள்கள். மூடிக்குக் கீழே ஓர் இலையும் இருத்தலாகாது. உதிர்ந்த பட்டை, இலைத்துணுக்கு முதலியவற்றை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். வேர் புறப்படும்வரை உரக்கரைசல் அவசியமேயில்லை. வெறும் ஜலம் போதும். ஸ்பாஞ்சு வளையங்களைக் கொதிநீரிலிட்டுப் பிழியாமல் மறுமுறை உபயோகித்தல், முந்தின தொட்டியின் வழும்பைப் புதுத்தொட்டிக்கு எடுத்துச் செல்வதேயாகும்.

இவ்விடத்தில் ஒரு தவறான வழக்கத்தை வற்புறுத்திக் கூறவேண்டியிருக்கிறது. வயலில் நன்மை செய்கிறதென்று பஞ்சகவ்யத்தையும் ஜீவாமிர்தத்தையும் தொட்டிக்குள் விடுகின்றனர். நாற்றம் கண்டதும் பிளீச்சிங் பவுடரைத் தூவுகின்றனர். சில நாள் கழித்து மறுபடியும் பஞ்சகவ்யம். வெல்லமும் பாலும் கலந்த கரைசல் கிருமிக்கு விருந்தாகும். குளோரினோ நல்ல கிருமி, தீய கிருமி என்று பாராமல் அனைத்தையும் கொல்லும். அன்றியும் கரைசலிலுள்ள பொருள்களால் குளோரினே வீணாகிப்போகும். தொட்டியை நடத்த இருவழிகள் உண்டு. ஒன்று, குளோரின் இட்டுச் சுத்தமாக வைத்தல்; மற்றொன்று, பேசில்லஸ், சூடோமோனாஸ் போன்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை விட்டு அவற்றுக்கு இடங்கொடுத்தல். ஏதேனும் ஒன்றைக் கைக்கொள்க. இரண்டையும் ஒரே தொட்டியிற் சேர்த்தால் இரண்டின் பலனும் இல்லை. வெயிற்காலத்தில் நமது ஊருக்கு முதல்வழியே தக்கதென்பது நமது அபிப்பிராயம். இரண்டாவதை விரும்புவோர், டால்க் பொடியிற் கலந்து விற்கப்படும் மருந்தை அப்படியே கொட்டாமல், கரைத்துத் தெளியவைத்து வடிகட்டி விடவேண்டும். இல்லையேல் தெளிப்பான் துளைகள் அடைத்துக்கொள்ளும்.

குளோரின் அளவு வருமாறு. நூற்றுக்கு 30 பங்கு குளோரினுள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 10 கிராமை ஒரு லிட்டர் ஜலத்தில் கரைத்து, மண்டி படிந்தபின் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்க. 50 லிட்டர் தொட்டிக்கு இத்தெளிவில் 33 மில்லி விட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். மூன்று நாலு நாட்களுக்கொருமுறை ஜலத்தை மாற்றி மறுபடியும் இவ்வளவே விடலாம்; அதிகமானால் இளவேர் கருகும். காலித் தொட்டியைக் கழுவ, 10 லிட்டருக்கு 17 கிராம் பவுடர் கரைத்த ஜலத்தை அரைமணி நேரம் பம்பு, குழாய் யாவற்றிலும் ஓடவிட்டு, பிறகு நல்ல ஜலத்தால் பலமுறை அலசவேண்டும். ஆனால் அதற்கு முன்பே பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு வழும்பைத் தேய்த்தெடுத்திருத்தல் அவசியம். கிணற்று ஜலம் உப்பாயுள்ள இடங்களில் தெளிப்பான் துளைகளில் வெள்ளைக் காறை படியும். அதனைக் காடியில் ஊறவைத்து நீக்கலாம். காடியோ வேறெந்த அமிலமோ பிளீச்சிங் பவுடருடன் ஒருபொழுதும் கலத்தல் கூடாது. அதனால் எழும் விஷவாயு மூச்சுக்கு அபாயமானது.

வழும்பு கண்டுவிட்ட துண்டுகளைக் காப்பாற்றலாமா என்று கேட்போர் உண்டு. அடியில் மட்டும் கறுத்திருந்தால், ஓடும் ஜலத்தில் கழுவி, பசுமையான பாகம் வரும்வரை வெட்டி, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே புதுவெட்டு வைத்து, கழுவிய தொட்டியில் மறுபடியும் நிறுத்தலாம். கறுப்பு இரண்டு கணுக்களைக் கடந்துவிட்டதாயின் எறிந்துவிடுதலே மேல். பழுப்பு வேர்விட்ட கன்றுகளைக் கழுவி விற்பனைக்கு அனுப்பும் நாற்றங்கால்காரர் தம் நஷ்டத்தைப் பிறர் நிலத்துக்கு மாற்றுகிறாரேயன்றி வேறன்று. வாங்கியவருக்குக் கன்றின் விலையோடு உழவும், எருவும், ஒரு பருவமும் வீணாகின்றன. வாங்குவோர் பையைப் பிரித்து வேர் வெண்மையாயிருக்கிறதா என்று பார்த்து வாங்குவார்களாக.

மல்பெரியைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. நம் ஊரில் நெய்யப்படும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருவதால், இங்கும் மல்பெரி பயிரிடலாமே என்ற ஆசை எழுதல் இயல்பே. பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியில் மூன்று நாலு மொட்டுகளிருக்குமாறு வெட்டி நாற்றங்கால் மண்ணில் ஊன்றினாலே அது தழைத்துவிடும். அதற்குப் பம்பும் மின்சாரமும் வீண்செலவு. உயர்ந்த ரகத்தின் குச்சிகள் நாலைந்தே கையிலிருந்து, ஒன்றும் வீணாகலாகாதென்னும்பொழுது மாத்திரம் தொட்டியை நாடலாம். அப்பொழுதும் மல்பெரி வெட்டுவாயிலிருந்து பால் வடிவதைக் கவனிக்க வேண்டும். அப்பாலே ஜலத்தைக் கலக்கி வழும்புக்கு இரையாகும். வெட்டிய துண்டுகளைத் தனிப்பாத்திரத்து ஜலத்தில் பால் நிற்கும்வரை வைத்திருந்து, அலசிய பின்னரே தொட்டியில் நிறுத்தி, மறுநாட் காலையில் தொட்டி ஜலத்தை ஒருமுறை முழுதும் மாற்றிவிடுக.