பிரேக் காலிப்பரில் எண்ணெய்க் கசிவும் அதனைப் பழுதுபார்க்கும் முறையும்

பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள காடாம்புலியூரைச் சுற்றி முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் நிறைந்திருப்பதை யாவரும் அறிவர். முன்னாளில் மாட்டு வண்டி செய்துவந்த சில்லறை வேலைகளில் பெரும்பகுதியை இப்பொழுது மோட்டார் சைக்கிளே செய்கின்றது. உர மூட்டையும், மருந்து தெளிக்கும் யந்திரமும், பங்குனி சித்திரையில் முந்திரிக் கொட்டையும் அதன்மேல் ஏற்றியே கொண்டுபோகப்படுகின்றன. குவாட் பைக் என்னும் நாற்சக்கர வண்டி நம் பக்கத்தில் அபூர்வம். ஆயினும் டிராக்டர் வகுப்பில் பதிவு செய்து ரஸ்தாவில் ஓட்டத்தக்க அத்தகைய வண்டியொன்றைப் பொலாரிஸ் கம்பெனியார் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இரண்டு வண்டிகளிலும் டிஸ்க் பிரேக்கின் அமைப்பு ஒன்றேயாதலால், கீழே கூறுபவை இரண்டிற்கும் பொருந்தும்.

கைப்பிடியை அழுத்தும்போது அதனருகிலுள்ள சிறு உருளையிலிருந்து எண்ணெய் குழாய் வழியே சென்று, சக்கரத்தருகிலுள்ள காலிப்பரின் பிஸ்டனைத் தள்ளுகின்றது. மேலுள்ள பிஸ்டனின் பரப்பு ஒரு பங்கும் கீழுள்ளதன் பரப்பு ஐந்து பங்கும் ஆயின், மேலே கொடுத்த பலம் கீழே ஐந்து மடங்காகும். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கிய விதி இது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர விளிம்புள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கின்றது. அழுத்தும்போது அது சற்று வளைந்து கொடுத்து, விட்டவுடன் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். எண்ணெயைத் தடுப்பதும், பிரேக்கை விடுவிப்பதும் இவ்வொரு வளையமே. அதற்கு வெளியே புழுதியைத் தடுக்க மற்றொரு வளையம் உண்டு. நம் செம்மண் புழுதியும், ஐப்பசி கார்த்திகை மழைச் சேறும் முதலில் வெளி வளையத்தைக் கெடுத்து, பிறகு பிஸ்டனில் துருப்பிடிக்கச் செய்து, முடிவில் உள்வளையத்தையும் அறுத்துவிடுகின்றன.

கசிவின் அறிகுறிகள் யாவை? கைப்பிடி மெத்தென்று உள்ளே போகும். சக்கரத்தின் உட்புறம் ஈரமாயிருக்கும். பாத்திரத்தில் எண்ணெய் அடிக்கடி குறையும். ஆனால் எண்ணெய் குறைந்ததனாலேயே கசிவென்று முடிவு செய்யலாகாது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால், கசிவின்றியே எண்ணெய் மெல்லக் குறைவது இயல்பு. மேலும், முன் போர்க்கின் ஸீல் கெட்டு அதன் எண்ணெய் வழிந்து காலிப்பரின்மேல் சொட்டுவதும் உண்டு. இதனைக் காலிப்பர் கசிவென்று எண்ணி வீண் செலவு செய்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகையால் முதலில் முழுவதையும் கழுவித் துடைத்து, கைப்பிடியைப் பலமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஈரம் எங்கே தோன்றுகிறதென்று பார்க்க வேண்டும். குழாய் சேருமிடத்தில் தோன்றினால் செம்பு வாஷர்களை மாற்றுவதே போதுமானதாகலாம். காற்று நீக்கும் நிப்பிளில் தோன்றினால் அதனை மாற்றலாம். பிஸ்டனைச் சுற்றித் தோன்றினால் மட்டுமே காலிப்பரைப் பிரித்தல் அவசியம். எதுவாயினும், கசிவு கண்ட வண்டியைப் பழுது தீரும்வரை ஓட்டவே கூடாது. லாரிகள் ஓயாமல் செல்லும் அந்நெடுஞ்சாலையில், பின்னால் பிள்ளையை உட்காரவைத்துச் செல்பவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிரிக்கும் முறை: பேட்களை எடுத்துவிட்டு, குழாயைக் கழற்றுவதற்கு முன்பே, கைப்பிடியை மெதுவாக அழுத்திப் பிஸ்டனை வெளிக்கொணர வேண்டும். எதிரே ஒரு மரத்துண்டு வைத்தல் நலம். காற்றடிக்கும் பம்பினால் பிஸ்டனைத் தள்ளுவோர் சிலர் உளர். அது துப்பாக்கிக் குண்டுபோல் பாய்ந்து விரலை நசுக்கிவிடும். வளையங்களை மரக்குச்சியால் எடுக்கவேண்டுமேயன்றி, இரும்பு முள்ளால் பள்ளத்தைக் கீறலாகாது. பள்ளத்தில் படிந்த வெண்மையான உப்பைச் சுத்தமாக நீக்காவிடில், புதிய வளையமும் நாளடைவில் கசியும்.

பிஸ்டனையும் அதன் துளையையும் வெளிச்சத்தில் பார்க்கவும். நகத்திற்குத் தட்டுப்படும் குழியோ கீறலோ பிஸ்டனில் இருந்தால் அதனை மாற்றவும். துளையிலேயே இருந்தால் காலிப்பரை முழுவதும் புதிதாக மாற்றவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிப்படுத்தலாமென்பது கடைத்தெருவில் கேட்கும் யோசனை. அதனை நான் ஒப்புவதில்லை. புதிய வளையங்களைப் புதிய பிரேக் எண்ணெயில் நனைத்து, பிஸ்டனை விரலாலேயே நேராகத் தள்ளி அமர்த்த வேண்டும். செம்பு வாஷர்கள் இரண்டும் புதியனவாயிருத்தல் வேண்டும். எண்ணெய் பட்ட பேட்களைக் காய்ச்சியும் கழுவியும் மறுபடி உபயோகிப்பது பிசகு, அவற்றையும் மாற்றிவிடுக.

எண்ணெய் விஷயத்தில்தான் நம்மவர் அதிகம் தவறுகின்றனர். என்ஜின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் இவற்றில் ஒரு துளி பட்டாலும் பிரேக்கின் ரப்பர் ஊதிப் பாழாகும். அவற்றால் கழுவுவதும் கூடாது. மூடியின்மேல் டாட் 3 அல்லது டாட் 4 என்று எது பொறித்திருக்கிறதோ அதையே, திறவாத புதுப் புட்டியிலிருந்து ஊற்றவும். இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புதிய டாட் 4 எண்ணெய் 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டுமென்பது விதி. ஈரமேறியபின் அவ்வளவு 155 டிகிரியாகக் குறைகிறது. ஆகவே கசிவு இல்லாவிடினும் இரண்டு வருஷத்திற்கொருமுறை மாற்றுவது நன்று. வண்டியின் வர்ணத்தில் பட்டால் அதனை அரித்துவிடும். உடனே நீரால் கழுவவும்.

நிற்க, காற்று நீக்குதல். நிப்பிளில் கண்ணாடிபோன்ற ரப்பர்க் குழாயைச் செருகி, அதன் முனையைச் சிறிது எண்ணெயுள்ள புட்டியில் அமிழ்த்தவும். ஒருவர் கைப்பிடியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைச் சிறிது திறந்து, குமிழி வந்தபின் மூடவேண்டும். மூடிய பிறகே கைப்பிடியை விடலாம். மேற்பாத்திரம் வற்றாமல் பார்த்துக்கொண்டு, குமிழி முற்றும் நிற்கும்வரை இப்படியே செய்க. குவாட் பைக்கில் இடது வலது காலிப்பர்களை மாற்றிப் பொருத்திவிட்டால் நிப்பிள் அடிப்பக்கமாகிவிடும். காற்று மேலேயே தங்குவதால், நாள் முழுவதும் செய்தாலும் கைப்பிடி கெட்டியாகாது. நிப்பிள் எப்பொழுதும் உச்சியில் இருக்கவேண்டும்.

ஏ.பி.எஸ். பொருத்திய வண்டிகள் சிலவற்றில் காற்று நீக்கத் தனிக் கருவி வேண்டியிருத்தலால், அவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே உசிதம். மற்றவற்றில், முடிந்தபின் ஒரு நிமிஷம் பலமாக அழுத்திப் பிடிக்கவும். கைப்பிடி கீழே இறங்காமலும் எங்கும் ஈரம் தோன்றாமலும் இருந்தால், தோப்பின் சமதளத்தில் மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பார்த்த பிறகே ரஸ்தாவுக்கு எடுத்துச் செல்லலாம். பொது உபயோகத்திற்கு வண்டி வைத்திருக்கும் சங்கங்களின் காரியஸ்தர்கள் எண்ணெய் மாற்றிய தேதியைப் புஸ்தகத்தில் எழுதிவைக்குமாறு கிராம அதிகாரிகள் கவனிக்கலாம். வடித்த பழைய எண்ணெயைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டாமல், மூடியுள்ள புட்டியில் சேர்த்து, கழிவெண்ணெய் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடவும்.